பட்டும் படிமமும் காப்பவர்: காஞ்சிபுரத்துக்கு ஓர் அருங்காட்சியகப் பயிற்சிக்கூடம்

1938-இல் இலண்டனிலிருந்து வெளிவரும் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் காஞ்சிபுரத்தைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர் எஸ். பரமசிவன், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர். கயிலாசநாதர் கோயிலிலும் வைகுந்தப் பெருமாள் கோயிலிலும் பழைய ஓவியர்கள் எந்த முறையில் வண்ணம் தீட்டினார்கள் என்பதே கட்டுரையின் பொருள். சாந்து எத்தனை அடுக்காகப் பூசப்பட்டது, நிறமிகள் எவை, நிறமியைச் சுவரோடு பிணைத்த ஊடகம் எது என்று ஆய்வகத்தில் சோதித்து அவர் எழுதினார். காஞ்சிக் கோயில்களைக் கல்வெட்டுக்காகவும் கட்டடக் கலைக்காகவும் படித்தவர்கள் அதற்கு முன்பே பலர் உண்டு. அவற்றின் சுண்ணாம்பையும் நிறத்தையும் உருப்பெருக்கியின் கீழே வைத்துப் படித்த தலைமுறை பரமசிவனோடு தொடங்குகிறது.

அந்தக் கட்டுரை இன்று பெரிதாகப் பேசப்படுவதில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. அரும்பொருள்களைக் காக்கும் அறிவியல் இந்தியாவில் தவழத் தொடங்கிய காலத்திலேயே அதற்குப் பாடப்பொருளாக இருந்த ஊர் காஞ்சி. அப்படிப்பட்ட ஊர் பின்னாளில் அந்த அறிவைக் கற்றுத்தரும் இடமாக ஏன் வளரவில்லை? வளர்க்க வேண்டுமானால் எதிலிருந்து தொடங்க வேண்டும்? இந்தக் கட்டுரை அதைத்தான் ஆராய்கிறது.

முப்பதுகளின் காஞ்சி

சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1851-இல் தோன்றியது. நாட்டின் மிகச் சிறந்த செப்புத் திருமேனித் தொகுப்புகளுள் ஒன்று அங்கே சேர்ந்தது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்படி, நிலத்துக்குள்ளிருந்து கிடைத்த படிமங்கள் வட்டாட்சியர் வழியாகவும் மாவட்ட ஆட்சியர் வழியாகவும் அங்கு வந்து சேர்ந்தன. சேர்ந்தபின் ஒரு சிக்கல் தலைகாட்டியது. மண்ணில் புதைந்திருந்த காலத்தில் உப்பு ஏறிய செம்பு, சென்னைக் கடற்காற்றின் ஈரத்தில் வெளிர்பச்சைத் தூளாக உதிரத் தொடங்கியது. குளோரைடு உப்பும் ஈரமும் கூடினால் இந்த அரிப்பு தானே தன்னை வளர்த்துக்கொள்ளும். விட்டுவைத்தால் முகத்தின் வடிவமே கரைந்துபோகும். இதைச் சமாளிக்கவே, கண்காணிப்பாளராக இருந்த எஃப். எச். கிரேவ்லியின் காலத்தில், 1930-இல் அருங்காட்சியகத்துக்குள் ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. பரமசிவன் அதன் பொறுப்பில் அமர்ந்தார். மின்னாற்பகுப்பு முறையில் படிமங்களிலிருந்து உப்பை வெளியேற்றும் வேலை நடந்தது. 1932-இல் கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் சேர்ந்து அந்தத் திருமேனிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியலை வெளியிட்டார்கள்.

இதே ஆண்டுகளில் காஞ்சியில் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கயிலாசநாதர் கோயிலின் சுற்றாலைச் சிற்றாலயங்களில் பல்லவர் ஓவியத்தின் எச்சங்களைக் கண்டறிந்தார். பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய அந்தக் கோயிலின் திருச்சுற்றில் 58 சிற்றாலயங்கள் உள்ளன. பிற்காலப் பூச்சின் அடியிலிருந்து அங்கங்கே ஒரு கண், ஒரு கை, ஒரு சோமாஸ்கந்தரின் கோடுகள் வெளிப்பட்டன. அடுத்து 1934-இல் இராமச்சந்திரன், காஞ்சியை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலைப் பற்றி ஒரு முழு நூலையே சென்னை அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்தார். சங்கீத மண்டபத்து விதான ஓவியங்களைக் காட்சி காட்சியாக எண்ணிட்டு, எந்தத் தீர்த்தங்கரரின் கதையில் எந்தக் கட்டம் என்று அடையாளப்படுத்தினார். அதன்பிறகு அந்த ஓவியங்களுக்கு நேர்ந்த சிதைவையும் மேல்பூச்சையும் அளந்து பார்க்க நமக்கு உள்ள அளவுகோல் அந்த நூல்தான்.

ஆய்வகம், கண்டுபிடிப்பு, ஆவணம், வேதியியல் ஆய்வு ஆகிய நான்கும் எட்டே ஆண்டுகளுக்குள் நடந்தன. நான்கில் மூன்று காஞ்சியின் சுவர்களைப் பற்றியவை. இந்தியாவில் அருங்காட்சியகத் தொழிலுக்கென்று ஒரு பல்கலைக்கழகப் படிப்பு தோன்றுவதற்கு முன்பே, அந்தத் தொழிலின் நடைமுறை இந்த ஊரில் பழகப்பட்டது என்று சொல்வது மிகையாகாது.

படிப்பு போன வழி

அதன்பின் படிப்பு வேறு ஊர்களில் வேரூன்றியது. 1952-இல் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் அருங்காட்சியகவியலுக்கு ஒரு துறையைத் தொடங்கியது. கல்கத்தா பல்கலைக்கழகம் அந்தப் பத்தாண்டின் இறுதியில் பின்தொடர்ந்தது. 1956-இல் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ பொதுமாநாட்டில்தான், பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கவும் சீரமைக்கவும் பயிற்சி தரும் ஒரு பன்னாட்டு மையத்தை நிறுவ முடிவெடுத்தார்கள். அது உரோமில் அமைந்தது, இன்று ‘இக்ரோம்’ என்று அழைக்கப்படுகிறது. 1976-இல் ஓ. பி. அகர்வால் தலைமையில் இலக்னோவில் தேசியப் பாதுகாப்பு ஆய்வகம் தோன்றியது. பின்னர் மைசூரில் அதற்கு ஒரு வட்டார ஆய்வகம் அமைந்தது. 1989-இல் தில்லியில் தேசிய அருங்காட்சியக நிறுவனம் பட்டம் வழங்கத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் முற்றாக ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. எழும்பூர் ஆய்வகம் அருங்காட்சியகப் பணியாளர்களுக்குப் பொருள் பராமரிப்பில் பயிற்சி தந்துவந்திருக்கிறது. அதன் பொறுப்பாளராக இருந்த வி. ஜெயராஜ் எழுதிய கையேடுகள் இந்தியாவின் சிறு அருங்காட்சியகங்கள் பலவற்றில் அன்றாடப் பயன்பாட்டில் இருந்தன. மாநிலத் தொல்லியல் துறை முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. ஆனால் தொல்லியல் படிப்பின் மையம் அகழ்வதும் கல்வெட்டு வாசிப்பதும். அகழ்ந்த பின், வாசித்த பின், அந்தப் பொருளை 100 ஆண்டு காப்பதும் அதை மக்களுக்கு விளங்கக் காட்டுவதும் தனித் திறமைகள். அவை இங்கே துணைப்பாடமாகவே நின்றுவிட்டன.

2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது இந்தத் தேவை வெளிச்சத்துக்கு வந்தது. செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் எழுந்த அந்தக் கட்டடத்துக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். தமிழர்கள் அருங்காட்சியகத்துக்கு வரமாட்டார்கள் என்ற பழைய சாக்கு அன்றோடு போயிற்று. இனி மாவட்டந்தோறும் இப்படிப்பட்ட கூடங்கள் கேட்கப்படும். கட்டடத்தை ஒப்பந்தக்காரர் ஓரிரு ஆண்டில் கட்டித் தந்துவிடுவார். உள்ளே இருக்கும் பொருளைக் காப்பவரை உருவாக்க அதைவிட நீண்ட காலம் பிடிக்கும்.

பராமரிப்பு என்னும் வேலை

அருங்காட்சியகப் பராமரிப்பு என்றதும் பலருக்கு உடைந்த சிலையை ஒட்டுவது நினைவுக்கு வரும். தொழிலின் போக்கு கடந்த அரை நூற்றாண்டில் மாறிவிட்டது. கெட்டுப்போன பின் குணப்படுத்துவதைவிட, கெடாதபடி சூழலை அமைப்பதே முதல் கடமை என்ற நிலைக்கு உலகம் வந்துசேர்ந்தது. இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் கேரி தாம்சன் 1978-இல் வெளியிட்ட ‘அருங்காட்சியகச் சூழல்’ பற்றிய நூல் அந்த மாற்றத்தின் மைல்கல். கனடா பாதுகாப்பு நிறுவனம் பொருளை அழிக்கும் காரணிகளைப் பத்தாகத் தொகுத்தது: அடி, அதிர்ச்சி போன்ற விசைகள், திருட்டும் சேதப்படுத்தலும், தீ, நீர், பூச்சியும் எலியும், மாசு, ஒளி, தவறான வெப்பம், தவறான ஈரப்பதம், கடைசியாக, தகவல் பிரிந்துபோதல்.

இந்தக் கடைசிக் காரணி நம் நாட்டில் மிகக் கொடியது. ஒரு பொருள் எங்கே கிடைத்தது, யாரிடமிருந்து வந்தது, அதன் எண் என்ன, எந்த அலமாரியில் இருக்கிறது என்னும் தகவல் அறுந்தால், பொருள் கண்முன் இருந்தாலும் பாதி இறந்ததுதான். ஆகவே பயிற்சியின் முதல் மாதம் வேதியியலில் தொடங்குவதில்லை, பதிவேட்டில் தொடங்குகிறது. கல்லிலும் உலோகத்திலும் எண் எழுதும் முன் பின்னாளில் கரைத்தெடுக்கக்கூடிய ஒரு பிசின் பூச்சு இட்டு, அதன்மேல் மையால் எழுதி, மேலும் ஒரு பூச்சு இட வேண்டும். துணியில் எழுதவே கூடாது. எண்ணிட்ட பருத்தி நாடாவை ஓரத்தில் இரண்டே தையலில் கட்ட வேண்டும். அளவுகோலும் நிறப்பட்டையும் வைத்துப் படம் எடுக்க வேண்டும். இன்றைய நிலையில் எந்தக் கறை, எந்தக் கிழிசல் உள்ளது என்று நிலைக்குறிப்பு எழுத வேண்டும். ஓராண்டு கழித்து மாற்றம் நேர்ந்ததா என்று சொல்ல அந்தக் குறிப்பு ஒன்றே சான்று.

தகவல் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் காஞ்சி யோகினியர் சாட்சி. 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கருதப்படும் இந்த அமர்ந்த கற்சிலைகளை, 1920-களில் காஞ்சி வட்டாரத்தில் ழூவோ துப்ரேய் திரட்டினார். பாரிஸ் வணிகர் சி. டி. லூ வழியாக அவற்றுள் பல உலகெங்கும் விற்கப்பட்டன. இன்று அந்தத் தேவியர் டெட்ராய்ட்டிலும் மினியாபொலிஸிலும் கான்சாஸ் சிட்டியிலும் வாஷிங்டனிலும் டொராண்டோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் சென்னையிலும் தனித்தனியே அமர்ந்திருக்கிறார்கள். ஒரே கோயிலுக்காகச் செதுக்கப்பட்ட கூட்டம் அது. அந்தக் கோயில் எங்கே நின்றது, எத்தனை பேர் இருந்தனர், எந்த வரிசையில் அமர்ந்தனர் என்பதை மீட்டுச் சொல்லப் பத்மா கைமால் என்னும் ஆய்வாளர் 2012-இல் ஒரு நூல் முழுதும் உழைக்க வேண்டியிருந்தது. கயிலாசநாதர் ஓவியத்தைக் கண்டறிந்த அதே கையால்தான் யோகினியர் ஊரைவிட்டுப் போனார்கள். அறிவும் ஆவணமும் உள்ளூரில் இல்லாத காலத்தில் கண்டறிதலும் இழப்பும் ஒரே ஆளின் வேலையாக இருக்க முடிந்தது.

இதற்கு நேர் எதிரான பாடமும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950-களிலிருந்து தமிழகக் கோயில் படிமங்களை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்தது. களவுபோன திருமேனிகள் பல, பல்லாண்டு கழித்து வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் அடையாளம் காணப்பட்டதற்கு அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களே துணை நின்றன. ஒழுங்காக எண்ணிட்டு வைத்த ஒரு புகைப்படம் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்.

பட்டு கேட்கும் கவனிப்பு

கல்லுக்கும் செம்புக்கும் ஓரளவு வழி தெரிந்திருக்கிறது. காஞ்சியின் பெயரை உலகறியச் செய்த பொருளுக்கோ, அதாவது பட்டுக்கோ, இந்த ஊரில் காப்பகம் என்று சொல்லத்தக்கது உருவாகவில்லை. இதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. காஞ்சிப் பட்டின் கரையிலும் முந்தியிலும் ஓடுவது சரிகை. சிவப்புப் பட்டிழையின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக்கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன் முலாம் ஏற்றியது அது. ஆகவே கிழிந்த பட்டுப்புடவைக்கும் விலை உண்டு. பழைய பட்டுப்புடவை வாங்கும் கடைகளின் விளம்பரங்களைக் காஞ்சியிலும் சென்னையிலும் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வாங்கிய புடவை எரிக்கப்பட்டு வெள்ளி பிரித்தெடுக்கப்படுகிறது. கொள்ளுப்பாட்டியின் கூறைப்புடவை அப்படித்தான் பேத்தியின் கொலுசாக மாறியிருக்கும். பொருளின் மதிப்பே அதன் வரலாற்றுக்கு எமனானது.

எஞ்சியவற்றைக் காக்க, பட்டின் இயல்பைப் படிக்க வேண்டும். பட்டு ஒரு புரதம். கூட்டிலிருந்து இழுத்த நூலில் ஃபைப்ரோயின் இழைகளைச் செரிசின் என்னும் பசை ஒட்டிவைத்திருக்கும். சோப்பு, காரம் கலந்த நீரில் காய்ச்சிப் பசையை நீக்கும்போது நூலின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடும். பளபளப்பும் மென்மையும் வரும். அதோடு ஒளியைத் தாங்கும் வலுவும் குறைகிறது. இயற்கை இழைகளில் ஒளிக்கு மிக விரைவில் பலியாவது பட்டுதான். முதலில் சாயம் மங்கும், பின் இழை மஞ்சளாகும், கடைசியில் மடித்த இடத்தில் பொடிந்து பிளக்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே உள்ளே வலு போய்விடுகிறது என்பதே ஆபத்து.

ஆகவே துணி காட்டும் கூடத்தில் ஒளி 50 லக்ஸைத் தாண்டக்கூடாது என்பது உலக வழக்கு. நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டில் 300 நாள் அந்த ஒளியில் ஒரு புடவை தொங்கினால் அது வாங்கும் மொத்த அளவு 1,20,000 லக்ஸ்-மணி. நம் ஊர் நண்பகல் வெயிலோ ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். கணக்குப் போட்டால், கூடத்தில் ஓராண்டு தொங்கிய புடவை பட்ட ஒளியை, மாடியில் உலரப்போட்ட புடவை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் பட்டுவிடுகிறது. பட்டை நிழலில் உலர்த்து என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில் எவ்வளவு கணக்கு இருந்தது என்பது இப்போது புரியும். காட்சிக்கூடத்தில் அந்த 50 லக்ஸும் நிரந்தரமாகக் கிடையாது. சில மாதம் காட்டிய துணியை இருட்டு அறைக்கு அனுப்பிச் சில ஆண்டுகள் ஓய்வு தர வேண்டும். ஒரு புடவையைக் காட்ட வேண்டுமானால் அதே இனத்தில் இன்னும் சில புடவைகள் இருப்பில் இருந்தாக வேண்டும்.

சரிகைக்கு வேறு பகை. காற்றில் உள்ள கந்தகச் சேர்மம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ரப்பர் பாய், கம்பளி, சிலவகைப் பசைகள் அருகில் இருந்தாலே கறுப்பு விரைவாக ஏறும். கறுத்ததைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மெல்லிய பொன்முலாம் முதலில் போகும். அதனால் தேர்ந்த காப்பாளர் தேய்ப்பதே இல்லை. மடிப்பு அடுத்த பகை. சரிகைக் கம்பி ஒரே இடத்தில் மடங்கி மடங்கி ஒடியும். ஒடிந்த முனை உள்ளிருக்கும் பட்டை அறுக்கும். வீடுகளில் ஆண்டுக்கு ஓரிரு முறை புடவையைப் பிரித்து மடிப்பை மாற்றி, கஞ்சி போன பழைய வேட்டியில் சுற்றி வைப்பதும் இதற்கே. அருங்காட்சியகம் ஒரு படி மேலே போய், அமிலமற்ற அகன்ற குழாயின்மேல் துவைத்த காடாத்துணி சுற்றி, புடவையை மடிப்பின்றி உருட்டி வைக்கிறது. பாச்சை உருண்டை வேண்டாம். மணக்கிற நச்சு அங்கே வேலை செய்பவரின் நுரையீரலுக்கும் போகும். பூச்சி ஏறியிருந்தால் காற்றுப்புகாத உறையில் இட்டு, பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 பாகை குளிரில் ஓரிரு வாரம் வைத்தால் முட்டையும் சாகும், துணிக்கும் கேடில்லை.

இவற்றுள் பாதி வீட்டு அறிவு, மறுபாதி ஆய்வக அறிவு. மூன்றாவதாக ஒன்று தறியறிவு. காஞ்சிப் புடவையைப் பட்டியலிடுபவர் அதைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் (ஊடை நூலைக் கொண்டுபோகும் குழல்) நெய்யப்பட்டுக் கோர்வையில் பிணைந்தனவா, ஒரே நாடாவில் ஓடியவையா? முந்திப் பாவின் இழைகளை உடல் பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாக இணைத்த பிட்னி இருக்கிறதா? கரையின் பல்வரிசை தாழம்பூ ரேக்கா? உருவம் ஜக்கார்டு அட்டையில் எடுத்ததா, அதற்கு முந்தைய ‘அடை’ என்னும் நூல்கட்டு முறையில் எடுத்ததா? இந்த விடைகளைக் கொண்டுதான் ஒரு புடவையின் காலத்தையும் தரத்தையும் கணிக்க முடியும். முதுகலை படித்து வந்த காப்பாளருக்கு இதைக் கற்க ஆண்டுகள் ஆகும். பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியின் ஓரம் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இது பள்ளிக்குப் போகும் முன்பே தெரியும். அவளுக்குத் தெரியாதவை நிலைக்குறிப்பு எழுதுவதும், லக்ஸ் அளப்பதும், பதிவேடு நடத்துவதும். இவற்றைச் சில மாதங்களில் கற்றுத்தரலாம். தறியறிவைச் சில மாதங்களில் யாருக்கும் கற்றுத்தர முடியாது.

கோயில் அறிந்த காப்பு

காஞ்சியில் பாதுகாப்பு மரபு தறியோடு நிற்கவில்லை. ஏகாம்பரநாதர் கோயிலின் மூலவர் மணலால் ஆன பிருத்வி லிங்கம். நீர் பட்டால் கரையும் என்பதால் அபிடேகம் ஆவுடையாருக்கே நடக்கிறது. லிங்கத் திருமேனிக்குப் புனுகு சாத்துகிறார்கள். பொருளின் தன்மைக்கு ஏற்பச் சடங்கை மாற்றிக்கொண்ட மரபு இது. இன்றைய காப்பாளர் எந்த மொழியில் சொன்னாலும் இதைத்தான் சொல்வார்: எல்லாப் பொருளுக்கும் ஒரே மருந்து கிடையாது.

வரதராசப் பெருமாள் கோயிலின் அத்திவரதர் இன்னும் வியப்பானவர். அத்திமரத் திருமேனி அனந்தசரஸ் திருக்குளத்து நீருக்குள் 40 ஆண்டு இருந்து, 48 நாள் மட்டும் வெளிவந்து காட்சி தருகிறது. 1979-க்குப் பின் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை அந்தக் காட்சி நடந்தது. இதன் சமயப் பொருளை அடியார் அறிவர். மர அறிவியல் சொல்வது வேறொன்று: காற்று எட்டாத நீருக்குள் மரத்தை அரிக்கும் பூஞ்சையும் பூச்சியும் வாழ முடியாது; மரத்துக்கு ஆபத்து நீரிலிருந்து எடுத்து உலரும் நாள்களில்தான். 1628-இல் மூழ்கி 1961-இல் மேலே எடுக்கப்பட்ட சுவீடனின் வாசா கப்பலை உலர்ந்து வெடிக்காமல் காக்க, பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை 17 ஆண்டு தெளிக்க வேண்டியிருந்தது. நீண்ட இருப்பும் குறுகிய காட்சியும் என்ற காஞ்சியின் நியதி, துணிக்கூடங்கள் இன்று பின்பற்றும் சுழற்சிக்கு முன்னோடியாக நிற்கிறது.

ஆனால் கோயிலும் அருங்காட்சியகமும் ஒன்றல்ல. வழிபாட்டில் உள்ள செப்புத் திருமேனி அன்றாடம் நீராட்டப்பட்டுத் துடைக்கப்படுகிறது; உப்பு தங்க இடமில்லை, அதேவேளை நூற்றாண்டுகளாகத் துலக்கியதில் மூக்கும் விரல்நகமும் தேய்ந்துபோகின்றன. மண்ணிலிருந்து வந்த திருமேனிக்கோ அந்த நீரே விடம். இந்த வேறுபாட்டைத் தெரியாதவர் நல்லெண்ணத்தோடு செய்யும் சுத்தமே பெரும் கேடாக முடியும். கோயில் சுவர்களில் திருப்பணியின் பெயரால் மணல்வீச்சு செய்து கல்வெட்டையும் சிற்பத்தின் மேற்தோலையும் உரித்த கதைகளைத் தமிழ்நாடு போதுமான அளவு கண்டுவிட்டது. ஆகவே பயிற்சி பெற வேண்டியவர்கள் அருங்காட்சியக ஊழியர் மட்டுமல்லர். கோயில் நிருவாகிகளும் அர்ச்சகர்களும் திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் பணியாற்றுவோரும் அதே வகுப்பில் உட்கார வேண்டும்.

காட்டுவதும் ஒரு கலை

காத்த பொருளை எப்படிக் காட்டுவது? நம் கூடங்கள் பலவற்றில் ‘புடவை, பட்டு, 20-ஆம் நூற்றாண்டு’ என்ற அளவில் விளக்கச் சீட்டு முடிந்துவிடும். காட்சி உருவாக்கம் என்ற தொழில் வேறு இடத்தில் தொடங்குகிறது. பார்வையாளர் எதை அறிந்து வெளியேற வேண்டும் என்ற ஒரு வாக்கியம் முதலில் எழுதப்படும். அதற்கு வேண்டிய பொருள்கள் தேர்வாகும். காப்பாளர் ஒவ்வொன்றுக்கும் ஒளி, ஈரம், தாங்கி பற்றிய நிபந்தனை தருவார். அட்டையிலும் பழைய துணியிலும் மாதிரிக்கூடம் அமைத்து, பள்ளிப் பிள்ளைகளையும் முதியோரையும் நடக்கவிட்டு, எங்கே நிற்கிறார்கள், எந்தச் சீட்டைப் படிக்காமல் தாண்டுகிறார்கள் என்று குறிப்பார்கள். அதன்பிறகே தச்சர் வருவார்.

காஞ்சிக்கு ஒரு கூடத்தை நினைத்துப் பார்ப்போம். ஒரே ஒரு கோர்வைப் புடவை நடுவில், சாய்ந்த பலகையில், மங்கிய ஒளியில். அதைச் சுற்றி, அதன் கதையைச் சொல்லும் எல்லாமும்: தெருவில் பாவு விரித்த புகைப்படங்கள், அச்சு, விழுது, நாடா, கிராப் தாளில் வரைந்த டிசைன், கட்டுக்கட்டாக ஜக்கார்டு அட்டைகள், கூலிக் கணக்குப் புத்தகம். கோர்வை போடும்போது மறுபக்கம் நாடா எறிந்து உதவிய சிறுவர்களின் குரல் இன்று முதியவர்களாகிவிட்ட அவர்கள் வாயாலேயே பதிவாகி ஒலிக்கலாம். அந்த உழைப்பில் பள்ளிப்படிப்பை இழந்தவர்கள் உண்டு. அதையும் சொல்லாத கூடம் விளம்பரக்கூடமாகிவிடும். நெய்தவர் பெயர் தெரிந்தால் விளக்கச் சீட்டின் முதல் வரி அதுவாக இருக்க வேண்டும்.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. பிரான்சின் பட்டு நகரமான லியோனில், 1864-இல் வணிகர் சங்கமே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது; தம் நெசவாளர் பழைய வடிவங்களைப் பார்த்துப் புதியன படைக்க வேண்டும் என்பது நோக்கம். அகமதாபாத்தின் ஆலை முதலாளிகள் 1949-இல் காலிகோ துணி அருங்காட்சியகத்தை நிறுவினார்கள். நமக்கு அருகில், முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் காஞ்சி நெசவாளர் வீடு ஒன்று எடுத்துக் கட்டப்பட்டு நிற்கிறது. காஞ்சியின் நெசவாளர் வீட்டைப் பார்க்கக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போக வேண்டியிருப்பது, அந்த முயற்சியின் பெருமையும் நம் ஊரின் குறையும் ஆகும்.

செய்யத்தக்கது

காஞ்சிபுரத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள், சரிகை ஆலை, ஏனாத்தூரில் பல்கலைக்கழகம், தொல்லியல் துறையின் காவலில் உள்ள கோயில்கள், அண்ணா பிறந்த ஊரில் அவர் நினைவு இல்லம் எல்லாம் இருக்கின்றன. ஒன்றோடொன்று பேசாமல் இருக்கின்றன. பயிற்சிக்கூடம் என்பது புதிய மாளிகையைக் கேட்கும் திட்டமாக இருக்கத் தேவையில்லை. இருக்கிற இந்த இடங்களையே வகுப்பறைகளாக்கலாம்.

மூன்று வேலைகள் உடனே தொடங்கத்தக்கவை. ஒன்று, ஊரில் எஞ்சிய பழைய பட்டுகளின் கணக்கெடுப்பு. வீடுகளிலிருந்து புடவையை வாங்க வேண்டாம். படமெடுத்து, நெசவுக் குறிப்பெழுதி, உரியவரிடமே திருப்பித் தரலாம். வெள்ளிக்காக எரிப்பதற்கு முன் ஒரு புகைப்படமாவது மிஞ்சும். இரண்டு, கூட்டுறவுச் சங்கங்களில் கிடக்கும் டிசைன் தாள்களையும் அட்டைகளையும் எண்ணிட்டுக் காப்பது. மூன்று, நெசவாளர் குடும்பத்துப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை தந்து, எழும்பூர் ஆய்வகமும் மைசூர் வட்டார ஆய்வகமும் பாடம் நடத்தும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. கோயில் பணியாளருக்கு அதன் சுருக்கமான வடிவம். பாடம் தமிழில் இருக்க வேண்டும்; ஈரமானியையும் நிலைக்குறிப்பையும் கையாள ஆங்கிலம் தடையாகக் கூடாது.

படிப்பு மட்டும் போதாது. படித்தவருக்குப் பணியிடம் வேண்டும். மாவட்ட அருங்காட்சியகத்திலும் பெரிய கோயிலிலும் பயிற்சி பெற்ற காப்பாளர் ஒருவர் என்ற விதியை அரசு கொண்டுவந்தால், பயிற்சிக்கு மாணவர் தாமே வருவார்கள். பணியிடம் இல்லாத படிப்பு சான்றிதழை மட்டுமே தரும்.

காஞ்சியின் சுவரிலிருந்து பரமசிவன் எடுத்த பாடம் உலக இதழ் வரை போனது. அந்தப் பாடத்தைச் சொல்லித்தர இந்த ஊர் தகுதியுடையது. அதற்கு வேண்டிய பொருளும் ஆளும் இங்கேயே உண்டு. சட்டமன்ற உறுப்பினரும் சங்கத் தலைவர்களும் அருங்காட்சியகத் துறையும் ஒரு மேசையில் அமர்ந்தால் முதல் வகுப்பை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம். அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று: பீரோவில் பழைய காஞ்சிப் பட்டு இருந்தால், அதை எடைக்குப் போடும் முன், யார் நெய்தது, யார் கட்டியது, எந்த ஆண்டு வாங்கியது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி, அந்தத் தாளைப் புடவையோடு வையுங்கள்.